பெட்டியில் இடம் இருக்கிறது, போர்ட் இல்லை: சிறிய வீட்டுச் சர்வரில் கூடுதல் ஹார்ட் டிஸ்க் இணைப்பது எப்படி?

பெங்களூரு ஹலசூரில் எங்கள் தெருவில் இருக்கும் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் போர்ஷன் வீடுகள். ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீடு, பின்கட்டைப் பிரித்து, மாடி எழுப்பி, இன்று ஐந்து குடும்பங்கள் இருக்கும் வீடாகியிருக்கும். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிக் குழாய் உண்டு. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பைப் மட்டும் முதல் குடும்பத்துக்காகப் போட்ட அதே பைப். காலை ஏழு மணிக்கு ஐந்து வீட்டுக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்தால் எப்படி வரும் என்பது இங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

போன மாதம் பக்கத்துப் போர்ஷன் தம்பி தன் வீட்டுச் சர்வரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கு அந்தப் பைப்தான் நினைவுக்கு வந்தது. அரிசி டப்பா அளவுக்கு ஒரு சிறிய பெட்டி. உள்ளே மினி ஐடிஎக்ஸ் வகை மதர்போர்டு. அகலமும் நீளமும் 170 மில்லிமீட்டர்தான். பெட்டியில் ஆறு ஹார்ட் டிஸ்க் மாட்டலாம். மதர்போர்டில் இருப்பதோ, டிஸ்க்கைச் செருகும் சாட்டா போர்ட்டுகள் நான்கு. நான்கும் நிறைந்துவிட்டன. தாத்தா காலத்து நிழற்படங்களின் ஸ்கேன்கள், தங்கை திருமண வீடியோ, சோமேஸ்வரர் கோயில் பல்லக்குத் திருவிழாவை ஆண்டுதோறும் அவர் எடுத்துச் சேர்த்த படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

“அண்ணா, இன்னும் இரண்டு டிஸ்க்குக்கு இடம் காலியாக இருக்கிறது. செருகுவதற்குத்தான் போர்ட் இல்லை. எஸ்.பி. ரோட்டில் ஒரு கார்டு வாங்கிப் போட்டால் போதும் இல்லையா?”

போதும். ஆனால் எந்தக் கார்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணினி உதிரிபாகங்கள் விற்கும் அந்த எஸ்.பி. ரோட்டுக் கடையில் ஒரே அட்டைப்பெட்டியில் கிடக்கும் பத்துக் கார்டுகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அவற்றில் ஒன்று பத்தாண்டு உழைக்கும். இன்னொன்று ஒரே இரவில் ஐந்து டிஸ்க்குகளைக் காணாமல் அடிக்கும். அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை.

போர்ட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

சாட்டா போர்ட் என்பது வெறும் குழாய் வாய். அதன் பின்னால் கன்ட்ரோலர் என்ற சிப் ஒன்று இருக்கிறது. டிஸ்க் பேசும் மொழியையும் கணினி பேசும் மொழியையும் இணைத்து வைக்கும் வேலை அதனுடையது. அந்தச் சிப்பிலிருந்து பிராசசர் வரைக்கும் போகும் பாதையின் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ்; சுருக்கமாக பிசிஐஇ. இந்தப் பாதை பல தடங்களாகப் பிரிந்திருக்கும். பிராசசரும் மதர்போர்டும் இத்தனை தடங்கள்தான் என்று பிறக்கும்போதே கணக்கு வைத்துக்கொண்டு வருகின்றன. 2023-இல் வந்து வீட்டுச் சர்வர் கட்டுபவர்களிடம் பெயர் பெற்ற இன்டெல் என்100 பிராசசரில் மொத்தமே ஒன்பது தடங்கள். நெட்வொர்க், எஸ்எஸ்டி, வைஃபை, கூடுதல் சாட்டா எல்லாம் அந்த ஒன்பதுக்குள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆக, கூடுதல் போர்ட் சேர்ப்பது என்றால் யாரும் பயன்படுத்தாமல் இருக்கும் தடம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் முனையில் புதிய கன்ட்ரோலர் சிப் ஒன்றை உட்கார வைப்பது. அவ்வளவுதான். இருக்கும் குழாயிலேயே ‘டீ’ என்ற கிளை முனை போட்டுப் பிரிப்பது வேறு. தொட்டியிலிருந்து புதிய பைப் இழுப்பது வேறு. இரண்டையும் கடைக்காரர்கள் சாட்டா கார்டு என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள் என்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம்.

சில எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று புழக்கத்தில் இருக்கும் சாட்டா இணைப்பு நொடிக்கு 6 கிகாபிட். பயனுள்ள அளவில் 600 மெகாபைட்டுக்கு மேல் போகாது. ஆனால் சுழலும் ஹார்ட் டிஸ்க் எதுவும் அந்த வேகத்தைத் தொடுவதில்லை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் பெரிய டிஸ்க்கின் வெளி வட்டத்தில் நொடிக்கு 200 முதல் 270 மெகாபைட் வரை கிடைக்கும். உள் வட்டத்துக்குப் போகப் போக அது பாதியாகிவிடும். பிசிஐஇ பக்கம், மூன்றாம் தலைமுறைத் தடம் ஒன்று நொடிக்கு 985 மெகாபைட் கடத்தும். இரண்டாம் தலைமுறை 500. நான்காம் தலைமுறை சுமார் 1,970.

இனிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் தலைமுறைத் தடம் ஒன்றில் நான்கு டிஸ்க்குகளைத் தொங்கவிட்டால் நான்கும் ஒன்றாக ஓடும்போதும் ஆளுக்குச் சுமார் 245 மெகாபைட் கிடைக்கிறது. அது நியாயமான பங்கு. அதே நான்கு டிஸ்க்குகளை இரண்டாம் தலைமுறைத் தடம் ஒன்றில் மாட்டினால் காகிதக் கணக்கிலேயே 125. நடைமுறையில் 100 பக்கம் வந்து நிற்கும்.

“வீட்டு நெட்வொர்க் ஒரு கிகாபிட்தானே அண்ணா, அதில் 118 மெகாபைட்டுக்கு மேல் வராதே, பிறகு இது எதற்கு?” என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. படம் பார்க்கும்போதும் நிழற்படங்களைச் சேமிக்கும்போதும் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. ஒரு டிஸ்க் போனாலும் தகவல் தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து அமைப்பதைத் தொகுப்பு என்போம். அதில் ஒரு டிஸ்க் பழுதாகி, அதை மாற்றி, மற்ற டிஸ்க்குகளில் இருப்பதை வைத்து அதன் உள்ளடக்கத்தை மீண்டும் எழுதும் நாளில்தான் தெரியும். அப்போது எல்லா டிஸ்க்குகளும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே நேரத்தில் வாசிக்கப்படும். 8 டெராபைட் டிஸ்க் ஒன்றைச் சராசரியாக 200 மெகாபைட் வேகத்தில் எழுதி முடிக்க 11 மணி நேரம் ஆகும். 100 மெகாபைட்டில் 22 மணி நேரம். ஏற்கெனவே ஒரு டிஸ்க் போய்விட்ட நிலையில், மற்றவையும் அதே வயதில் இருக்கும்போது, அந்தக் கூடுதல் 11 மணி நேரம் யாருக்கும் நிம்மதியாகக் கழியாது.

காலித் தடம் எங்கே கிடைக்கும்?

சிறிய பெட்டிகளில் தேட வேண்டிய இடங்கள் அதிகம் இல்லை.

முதலில் பிசிஐஇ ஸ்லாட். மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். நான்கு டிஸ்க் மாட்டும் எச்பி மைக்ரோசர்வர் வரிசையிலும் ஒன்றோ இரண்டோதான். அதில் வேறு கார்டு எதுவும் இல்லை என்றால் உங்கள் வேலை பாதி முடிந்துவிட்டது. ஸ்லாட்டின் நீளத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். 16 தடம் கொள்ளும் நீண்ட ஸ்லாட்டாக இருந்தும் உள்ளே நான்கு தடங்களுக்கு மட்டும் இணைப்புக் கொடுத்திருப்பார்கள். மதர்போர்டின் கையேட்டில் அது எழுதியிருக்கும். சிறிய கார்டை நீண்ட ஸ்லாட்டில் செருகுவதில் தவறே இல்லை. இரண்டு தடம் கேட்கும் கார்டு ஒரு தடம் மட்டும் உள்ள ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் வேலை செய்யும், வேகம் மட்டும் பாதியாகும்.

அடுத்தது எம்.2 ஸ்லாட். எஸ்எஸ்டி மாட்டுவதற்கென்று 22 மில்லிமீட்டர் அகலத்தில் படுக்கையாக இருப்பது. அதில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக ஐந்து அல்லது ஆறு சாட்டா போர்ட் உள்ள சிறிய பலகையைச் செருகலாம். சிறிய சர்வர் வைத்திருப்பவர்களுக்குக் கிடைத்த நல்ல வழி இது. ஆனால் இரண்டு கண்ணிகள் உண்டு. எல்லா எம்.2 ஸ்லாட்டிலும் பிசிஐஇ தடம் வருவதில்லை. பழைய மதர்போர்டுகள் சிலவற்றில் எம்.2 ஸ்லாட்டுக்கு சாட்டா இணைப்பு மட்டுமே கொடுத்திருப்பார்கள். பலகை கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உயிர் வராது. ‘என்விஎம்இ எஸ்எஸ்டி பொருத்தலாம்’ என்று கையேடு சொன்னால் தடம் இருக்கிறது என்று பொருள். இரண்டாவது கண்ணி பங்கீடு. எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றோ இரண்டோ தானாக அணைந்துவிடும் மதர்போர்டுகள் நிறைய இருக்கின்றன. புதிதாக ஐந்து வந்து, இருந்ததில் இரண்டு போனால் லாபம் மூன்றுதான். இதுவும் கையேட்டில் அடிக்குறிப்பாக, சிறிய எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக வைஃபை கார்டு உட்காரும் குட்டி ஸ்லாட். சர்வருக்கு வைஃபை எதற்கு? அதைக் கழற்றிவிட்டு இரண்டு சாட்டா போர்ட் தரும் பலகையை அங்கே மாட்டலாம். ஆனால் இன்டெல்லின் சொந்த வைஃபை முறைக்கு மட்டும் கட்டிய ஸ்லாட்டுகளில் பிசிஐஇ தடம் இல்லாமலும் இருக்கலாம். மற்ற இரண்டு வழிகளும் அடைபட்ட பிறகு பார்க்க வேண்டிய இடம் இது.

சிப்பின் பெயரைக் கேளுங்கள்

எஸ்.பி. ரோடு கடைகளில் பெரும்பாலும் “எத்தனை போர்ட் வேண்டும்?” என்றுதான் கேட்பார்கள். நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது, “என்ன சிப்?” என்பது. இணையத்தில் வாங்கினாலும் இதுதான். சிப்பின் பெயரைச் சொல்லாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வீட்டுச் சர்வருக்கு இன்று நான் கூசாமல் பரிந்துரைப்பது ஏஎஸ்மீடியா நிறுவனத்தின் ஏஎஸ்எம்1166. மூன்றாம் தலைமுறைத் தடங்கள் இரண்டை எடுத்துக்கொண்டு ஆறு போர்ட் கொடுக்கும். ஆறு டிஸ்க்கும் 250 மெகாபைட்டில் ஓடினால் 1,500; இரண்டு தடங்களின் கொள்ளளவோ 1,970. மிச்சமே இருக்கிறது. ஒரே தடம்தான் கிடைக்கிறது என்றால் அதன் தம்பி ஏஎஸ்எம்1064: ஒரு தடம், நான்கு போர்ட். ஜேமைக்ரான் நிறுவனத்தின் ஜேஎம்பி585 என்பதும் நல்ல சிப்தான். இரண்டு தடம், ஐந்து போர்ட். ஆனால் அதைப் பொருத்திய கணினிகளில் பிராசசர் ஆழ்ந்த ஓய்வு நிலைக்குப் போக முடியாமல் சில வாட் மின்சாரம் வீணாவதைப் பலர் அளந்து பார்த்திருக்கிறார்கள். சர்வர் நாள் முழுக்க ஓடுவது என்பதால் அதுவும் கணக்கில் வர வேண்டும். ஏஎஸ்மீடியா, ஜேமைக்ரான் இரண்டும் தைவான் நிறுவனங்கள். சந்தையில் எத்தனை பிராண்டுப் பெயர்கள் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். மார்வெல் நிறுவனத்தின் 88எஸ்இ9215 போன்ற பழைய சிப்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. அவை இரண்டாம் தலைமுறைத் தடம் ஒன்றில் நான்கு போர்ட் தருபவை. மேலே போட்ட 22 மணி நேரக் கணக்கு அவற்றுக்குத்தான்.

இவற்றுக்கெல்லாம் தனி டிரைவர் மென்பொருள் தேவையில்லை என்பது பெரிய வசதி. ஏஎச்சிஐ என்ற பொதுவான நெறிமுறையைப் பேசுவதால் லினக்ஸும் விண்டோஸும் தாமாகவே அடையாளம் கண்டுகொள்ளும்.

எம்.2 பலகை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பலகை மெல்லியது. ஒரே ஒரு திருகில் நிற்கிறது. அதன் மீது ஆறு சாட்டா கேபிள்கள் தொங்கி, பெட்டியின் மூடி அவற்றை அழுத்தினால் பலகை வளையும். வளைந்தால் இன்று ஒரு டிஸ்க் மறையும், நாளை வேறொன்று மறையும், காரணம் பிடிபடாமல் நாட்கள் போகும். தலை நேராக உள்ள மெல்லிய கேபிள்களை வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, பெட்டியின் சட்டத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். பாரம் சட்டத்தின் மேல் இருக்கட்டும், பலகையின் மேல் வேண்டாம். கேபிள் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. சாட்டாவின் எல்லை அது.

‘டீ’ போட்ட கார்டு

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் சர்வருக்குப் பத்துப் போர்ட் உள்ள கார்டு ஒன்று வாங்கினேன். ஒரு தடம் மட்டுமே கேட்கும் சிறிய கார்டு, விலையும் குறைவு. மாட்டினேன், ஐந்து டிஸ்க்குகளும் உடனே தெரிந்தன. மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. நான்காம் மாதம், எல்லா டிஸ்க்குகளையும் முழுவதுமாக வாசித்துச் சரிபார்க்கும் மாதாந்தர வேலை இரவில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தால் ஒன்றல்ல, ஐந்து டிஸ்க்குகளும் ஒரே நிமிடத்தில் மறைந்திருந்தன. இருபதாண்டுக் குடும்பப் படங்கள் இருந்த தொகுப்பு ‘இல்லை’ என்றது. அன்று முழுதும் சாப்பாடு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். அந்தக் கார்டில் உண்மையான கன்ட்ரோலர் தந்த போர்ட்டுகள் இரண்டே இரண்டு. அவை ஒவ்வொன்றையும் ஐந்தாகப் பிரிப்பதற்கு போர்ட் மல்டிப்ளையர் என்ற வேறொரு சிப் இருந்தது. அதாவது ஒரே குழாயில் ஐந்து ‘டீ’. ஐந்து டிஸ்க்குகளும் சேர்ந்து ஒரே 6 கிகாபிட் இணைப்பைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. வேகக் குறைவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான ஆபத்து வேறு. டிஸ்க் ஒன்றில் வாசிக்கக் கடினமான இடம் வந்தால் அது திரும்பத் திரும்ப முயன்றுகொண்டு பல நொடிகள் பதில் சொல்லாமல் இருக்கும். தனிப் போர்ட்டில் இருந்தால் அந்த டிஸ்க் ஒன்றோடு போகும். மல்டிப்ளையருக்குப் பின்னால் இருந்தாலோ, கணினி இணைப்பை மீட்டமைக்கும்போது பின்னால் இருக்கும் ஐந்தும் சேர்ந்து விழுகின்றன. ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் என்று நம்பித்தான் தொகுப்பை அமைக்கிறோம். ஐந்து ஒன்றாகப் போனால் எந்தத் தொகுப்பும் தாங்காது.

என் தகவல்கள் தப்பின. டிஸ்க்குகளில் பழுது இல்லை என்பதால், அவற்றை வேறு கணினியின் நேரடிப் போர்ட்டுகளில் மாட்டித் தொகுப்பை மறுபடி ஒன்றுசேர்க்க முடிந்தது. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன்.

அடையாளம் காணும் வழி எளிது. ஏஎஸ்எம்1166 ஆறு போர்ட்டுக்கு மேல் தராது. ஜேஎம்பி585 ஐந்துக்கு மேல் தராது. விலை குறைந்த கார்டில் பத்து, பதினாறு, இருபது என்று போர்ட்டுகள் இருந்தால் எங்கோ ‘டீ’ போட்டிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் ஜேஎம்பி575 என்று எழுதிய சிப் இருந்தால் சந்தேகமே வேண்டாம்: ஒன்றை ஐந்தாக்கும் மல்டிப்ளையர் அது. இதே சிப்பைத் தனிப் பலகையாகவும், ‘ஒரு சாட்டாவில் ஐந்து டிஸ்க்’ என்று விற்கிறார்கள். இன்டெல் மதர்போர்டுகளின் சொந்த சாட்டா போர்ட்டுகள் மல்டிப்ளையரைப் புரிந்துகொள்வதில்லை. அங்கே மாட்டினால் முதல் டிஸ்க் மட்டும் தெரியும். எப்போதாவது எடுத்துப் பார்க்கும் பழைய டிஸ்க்குகளுக்கு இது பரவாயில்லை. இரவும் பகலும் ஓடும் தொகுப்புக்கு வேண்டவே வேண்டாம்.

யூஎஸ்பி பெட்டிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு டிஸ்க் போடும் யூஎஸ்பி பெட்டியும் பெரும்பாலும் இதே குறையுடன்தான் வருகிறது: ஒரே கேபிள், நடுவில் ஒரு மொழிபெயர்ப்புச் சிப், அது சறுக்கினால் நான்கும் சறுக்கும். வாரத்துக்கு ஒருமுறை நகலெடுத்து அணைத்து வைக்க யூஎஸ்பி நல்லது. அந்த வேலைக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

பெரிய சர்வர்களின் பழைய கார்டு

எட்டு டிஸ்க், அதற்கும் மேல் என்று போகிறவர்களுக்கு எச்பிஏ என்ற வகைக் கார்டு, அதாவது நிறைய டிஸ்க்குகளைக் கணினியோடு இணைப்பதற்கென்றே செய்த கார்டு இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் சர்வர்களிலிருந்து கழற்றப்பட்டுப் பழைய பொருளாக விற்பனைக்கு வருபவை. எல்எஸ்ஐ நிறுவனத்தின் 9211-8ஐ, 9207-8ஐ, 9300-8ஐ ஆகிய மூன்று பெயர்களை அடிக்கடி கேட்பீர்கள். முதலாவது கார்டில் உள்ள அதே சிப்தான் டெல் எச்310, ஐபிஎம் எம்1015 என்ற கார்டுகளிலும் வந்தது. எட்டுத் தடங்களில் எட்டு டிஸ்க். எதற்கும் நெருக்கடி இல்லை. உழைப்பிலும் மிக உறுதி.

வாங்கும்போது கார்டுக்குள் ‘ஐடி மோட்’ ஃபர்ம்வேர், அதாவது அந்த வகை உள் மென்பொருள், ஏற்றியதா என்று கேளுங்கள். டிஸ்க்குகளைத் தானே தொகுப்பாக்கும் ரெய்டு கார்டாக நடந்துகொள்ளாமல், ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே இயங்குதளத்திடம் காட்டுவதற்கு அதுதான் வேண்டும். டிஸ்க்கின் உடல்நிலையை நேரடியாகப் பார்க்க விரும்பும் இசட்எஃப்எஸ் போன்ற சேமிப்பு அமைப்புகளுக்கு இது கட்டாயம். கேபிளும் வேறு: ஒரு பெரிய முனை, அதிலிருந்து நான்கு சாட்டா வால்கள். இதில் எதிர்த்திசைக் கேபிள் என்று ஒன்று உண்டு. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும், மாற்றி வாங்கினால் ஒரு டிஸ்க்கும் தெரியாது. கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் ‘ஃபார்வேர்டு’ வகை என்று வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள்.

இருந்தும், சிறிய பெட்டிக்கு இதை நான் முதலில் சொல்வதில்லை. இந்தக் கார்டுகள் வேகமான மின்விசிறிகள் வரிசையாக ஓடும் ரேக் சர்வர்களுக்காகச் செய்யப்பட்டவை. சுமார் 10 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். 10 வாட் என்பது ஆண்டு முழுக்க ஓடினால் ஏறத்தாழ 88 யூனிட். பெங்களூரு குளிர்ச்சியான ஊர் என்ற நினைப்பில் காற்றோட்டத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. இதே ஊரில்தான் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி பதிவானது. பரணில், மூடிய அலமாரியில் வைத்த பெட்டிக்குள் நிலைமை இன்னும் மோசம். எச்பிஏ போடுவதென்றால் அதன் ஹீட் சிங்க் மேல் 40 மில்லிமீட்டர் மின்விசிறி ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

மின்சாரத்தை மறந்துவிடாதீர்கள்

போர்ட் கிடைத்தவுடன் எல்லோரும் மகிழ்ந்துவிடுகிறார்கள். தம்பியும் அப்படித்தான். “டேட்டா கேபிள் சரி. பவர் கேபிள் எங்கே இருந்து எடுப்பீர்கள்?” என்று நான் கேட்டதும் பேச்சு நின்றது. சிறிய பெட்டிகளின் பவர் சப்ளையில் நான்கு சாட்டா முனைகள் இருந்தாலே பெரிது.

ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க் 6 முதல் 8 வாட் எடுக்கும். ஆனால் நின்றிருக்கும் தட்டுகளைச் சுழல வைக்கும் முதல் சில நொடிகளில் 12 வோல்ட் இணைப்பில் மட்டும் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். ஆறு டிஸ்க் ஒரே நேரத்தில் விழித்தால் 12 ஆம்பியர், அதாவது 144 வாட். மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது நடப்பது இதுதான். 2020-இல் வந்த எச்பி மைக்ரோசர்வர் ஜென்10 பிளஸ்ஸின் பவர் அடாப்டர் மொத்தமே 180 வாட் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் எடை புரியும். உங்கள் பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். மதர்போர்டுக்கும் பிராசசருக்கும் போக மிச்சம் இருக்க வேண்டும்.

ஒரு சாட்டா பவர் முனையை நான்காகப் பிரிக்கும் கேபிள் எல்லாக் கடைகளிலும் தொங்குகிறது. சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசிகள், ஊசிக்கு 1.5 ஆம்பியர், ஆக மொத்தம் 4.5. நான்கு டிஸ்க் விழித்தெழ வேண்டியது 8 ஆம்பியர். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு சாட்டா முனையிலிருந்து இரண்டு டிஸ்க், அதுவே எல்லை.

மோலெக்ஸ் எனப்படும் பழைய நான்கு ஊசி முனை உங்கள் பவர் சப்ளையில் இருந்தால் அதிலிருந்து எடுப்பது மேல். அதன் தடித்த ஊசிகள் சாட்டா முனையைவிட இரு மடங்கு தாங்கும். ஆனால் மோலெக்ஸை சாட்டாவாக மாற்றும் கேபிளில் இரண்டு வகை உண்டு, இங்கே மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஒரு வகையில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து, கம்பிகளை உள்ளேயே மூடியிருப்பார்கள். வார்க்கும்போது கம்பிகள் நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கிவிடுவதுண்டு. அப்படிப்பட்ட முனைகள் மாதங்கள் கழித்துத் தீப்பிடித்திருக்கின்றன. இன்னொரு வகையில் ஒவ்வொரு கம்பியும் தனியாக அழுத்தி இறுக்கப்பட்டு, முனையின் பின்புறம் தெளிவாகத் தெரியும். இரண்டாவதை மட்டும் வாங்குங்கள். வீட்டில் எல்லோரும் தூங்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் பொருள் இது. ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

இதில் எதிர்பாராத நன்மை ஒன்றும் இருக்கிறது. வெளிப்புற யூஎஸ்பி டிஸ்க்கை வாங்கி அதன் மேல்கூட்டை உடைத்து உள்ளே இருப்பதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அவற்றில் சில, பழைய பவர் சப்ளையில் மாட்டினால் அசையவே அசையாது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவோம். புதிய சாட்டா விதிமுறையில் பவர் முனையின் மூன்றாவது ஊசி, டிஸ்க்கை அணைத்து வைக்கும் கட்டளைக்கானதாக மாறிவிட்டது. பழைய பவர் சப்ளை அதே ஊசியில் 3.3 வோல்ட் கொடுக்கிறது, டிஸ்க்கும் கட்டளைக்குப் பணிந்து அணைந்தே கிடக்கிறது. மோலெக்ஸில் 3.3 வோல்ட் கிடையாது. அதிலிருந்து எடுத்தால் டிஸ்க் எழுந்துவிடும்.

மாட்டிய பிறகு

தம்பியின் பெட்டிக்கு ஏஎஸ்எம்1166 கார்டு ஒன்றை பிசிஐஇ ஸ்லாட்டில் போட்டோம். புதிய டிஸ்க் இரண்டுக்கும் பவர், அழுத்தி இறுக்கிய மோலெக்ஸ் கேபிளில். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே முக்கியமான படங்கள் அனைத்தையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து அவருடைய அம்மாவின் பீரோவில் வைத்தாகிவிட்டது. தொகுப்பில் எத்தனை டிஸ்க் இருந்தாலும் அந்தத் தனி நகலுக்கு அது ஈடாகாது.

இயக்கியவுடன் முதலில் பார்த்தது, கார்டு தனக்குரிய இரண்டு தடங்களையும் மூன்றாம் தலைமுறை வேகத்தில் பிடித்திருக்கிறதா என்பதை. லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை இதைக் காட்டும். ஒரு தடம்தான் என்று வந்தால் கார்டைக் கழற்றி மறுபடி நேராகச் செருகிப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

பிறகு புதிய டிஸ்க்குகளில் ஒரு தகவலும் போடாமல், இரண்டு நாள் முழுக்க எழுதி வாசிக்கும் சோதனையை ஓடவிட்டோம். முன்னும் பின்னும், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 199 என்ற எண்ணுள்ள வரியைக் குறித்துக்கொண்டோம். கேபிள் வழியாகத் தகவல் சிதைந்து வந்த தடவைகளை அது எண்ணுகிறது. அந்த எண் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கின் மீது குற்றமில்லை. கேபிளோ போர்ட்டோ சரியில்லை. அது தெரியாமல் நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் நாள் ஒரு டிஸ்க்கில் அந்த எண் பூஜ்யத்திலிருந்து 14 ஆகியிருந்தது. கேபிளை மாற்றினோம். அதன் பிறகு 14-லேயே நின்றது. பழைய எண்ணிக்கை அழியாது. ஏறாமல் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசி வேலைக்கு ஒரு பேனாவும் ஒட்டும் காகிதமும் போதும். ஆறு டிஸ்க்குகளின் வரிசை எண்ணில் கடைசி நான்கு எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றின் முன்புறமும் ஒட்டினோம். எந்த டிஸ்க் மதர்போர்டில், எந்த டிஸ்க் கார்டில் என்பதையும் அதிலேயே குறித்தோம். ஒருநாள் இரவு ‘ஒரு டிஸ்க் பழுது’ என்று செய்தி வரும். அன்று ஆறில் எதை உருவ வேண்டும் என்பதைப் பெட்டியைத் திறக்காமலே தெரிந்துகொள்ள வேண்டும். தவறி நல்லதை உருவிவிட்டால் தொகுப்பு முழுவதும் போய்விடக்கூடும். தம்பி தமிழிலேயே எழுதினார்: மேல் வரிசை, இடமிருந்து இரண்டாவது, கார்டு, நான்காம் போர்ட்.